தலைமேல் கை கூப்பிய ஈக்கள்

செல்வராணி அக்கா ஈக்களைத் தூங்க வைப்பார்.

உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளைத் தட்டு. அதன் நுண்துளைகள் வழியாகக் கரியமில வாயு மேலே வந்துகொண்டே இருக்கும். குப்பியைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினால் பழ ஈக்கள் தட்டின் மேல் உதிரும். உதிர்ந்த இடத்திலேயே உறங்கிவிடும். அக்கா நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, ஒரு சின்னத் தூரிகையால் அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டுவார். பெண் இந்தப் பக்கம், ஆண் அந்தப் பக்கம். தூங்கும் குழந்தையின் நெற்றியிலிருந்து முடியை ஒதுக்கிவிடுகிற மாதிரிதான் இருக்கும் அந்தத் தூரிகை போகிற விதம்.

அதே அறையின் மூலையில்தான் என் கணினி. வேறு இடம் இல்லையென்று அங்கே போட்டிருந்தார்கள். ஈக்களின் மரபணு எழுத்துகளைத் திரையில் வரிசைப்படுத்தும் வேலை, அதிகம் பேசத் தேவையில்லாதது. சிங்கப்பூர் போகும் பாலத்துக்கு இந்தப் பக்கம், கூலாய் தாண்டிச் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே நிற்கிறது எங்கள் ஆய்வு மையம். ஜன்னலுக்கு வெளியே செம்பனை, அதன் பின்னால் செம்பனை, அதற்கும் பின்னால் நெடுஞ்சாலையின் இரைச்சல். கடல் என்று நினைத்துக்கொண்டால் கடல்.

அக்கா ரெங்கத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பள்ளி முடித்ததும் செனாயில் மின்னணுத் தொழிற்சாலை. சில்லுகளில் முடியைவிட மெல்லிய தங்கக் கம்பி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்க்கும் வேலை. "இருபது வருஷம் தங்கத்தப் பாத்துக்கிட்டே இருந்தேன் தம்பி. குண்டுமணி கூட வீட்டுக்கு வரல" என்பார். தொழிற்சாலை ஒருநாள் வியட்நாமுக்குப் போய்விட்டது. அந்த நேரத்தில் இங்கே, நாள் முழுக்க நுண்ணோக்கி முன்னால் உட்காரக்கூடிய ஆள் தேடினார்கள்.

மையத்தின் தலைவர் டாக்டர் தியாகராஜன் நேர்முகத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்.

"ஈன்னா அருவருப்பு இருக்கா?"

"தோட்டத்துல பொறந்தவ டாக்டர். அட்டையே கடிச்சிருக்கு."

ஈக்களை வளர்ப்பதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. சோளமாவு, ஈஸ்ட், சர்க்கரை, கடற்பாசித் தூள் எல்லாம் போட்டுப் பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்ச வேண்டும். அதைக் கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றி ஆறவிட்டு, ஈக்களை விட்டுப் பஞ்சால் அடைக்க வேண்டும். அவை முட்டையிடும், புழுவாகும், கூடு கட்டும், ஈயாகும். அதற்குள் கஞ்சி பழசாகிவிடும். புதுக் குப்பிக்கு மாற்ற வேண்டும். ஈ வம்சத்தை உறைய வைத்துப் பூட்டி வைக்க முடியாது. உயிரோடு, தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக்கொண்டே போக வேண்டும். அந்தக் கை செல்வராணி அக்காவுடையது.

கஞ்சி காய்ச்சும் நாளில் கட்டடம் முழுக்கப் பாயசம் பொங்கிய வாசனை. பக்கத்து அறை உதவியாளர் ரூபேந்திரன் மூக்கை நீட்டிக்கொண்டு வந்துவிடுவான்.

"அக்கா, இன்னைக்கு என்ன சமையல்?"

"உனக்குப் பிடிச்சதுதான். ஈ குடிச்சு மீந்தா தர்றேன்."

ஒரு விதி மட்டும் கறாரானது. ஆய்வுக்கு உதவாத ஈக்களை அன்றன்றைக்கே சாராயப் போத்தலில் கொட்டிவிட வேண்டும். பழைய குப்பிகளை வைத்திருந்தால் அவற்றில் வெள்ளை உண்ணி பிடிக்கும். தூசி அளவுதான் இருக்கும், ஆனால் பஞ்சுக்குள் புகுந்து அலமாரி அலமாரியாக நடந்து போய் எல்லா வம்சத்தையும் தின்றுவிடும். அக்கா வருவதற்கு முன்னால் ஒருமுறை அப்படி நடந்திருக்கிறது. பழைய குப்பிகளை ஒளித்து வைத்திருந்தவரை டாக்டர் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்த எச்சரிக்கை மூன்று மொழிகளிலும் கதவில் ஒட்டியிருந்தது. கையலம்பும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற போத்தலுக்கு ரூபேந்திரன் மண்டையோடு வரைந்து வைத்திருந்தான்.

அறையில் பாதி ஈக்கள் லோஷினியுடையவை. டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். நெற்றியில் எப்போதும் பென்சில் கோடு ஒன்று இருக்கும், தன்னையறியாமல் கிழித்துக்கொள்வாள். ஒருநாள் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே அக்காவிடம் கேட்டாள்.

"அக்கா, கருவுல இருக்கிற ஈயோட தலைக்கு, தான் தலைன்னு எப்படித் தெரியும்?"

"எனக்கே சில நாள் தெரியாது மா."

லோஷினி சிரித்துவிட்டு, சம்பல் படாத விரலால் மேசையில் ஒரு வட்டம் போட்டாள்.

"இது ஒரு செல்லு. உள்ள இருக்கிற சின்ன வட்டம் உட்கரு. மரபணு எல்லாம் அதுக்குள்ளதான். வெளிய ஒரு புரோட்டீன் நிக்குது. எக்ஸ்ட்ராடெண்டிக்கிள்."

"பேரு வைக்கிறப்ப யாரும் வேணாம்னு சொல்லலையா?"

"எக்ஸ்னு வச்சுக்குங்க. அது தனியா உள்ள போனா நிக்க முடியாது, வெளிய தள்ளிரும். ஹோமோதோராக்ஸ்னு இன்னொரு புரோட்டீன் இருக்கு, ஹோம்னு வைங்க. அது வந்து கையப் பிடிச்சாதான் எக்ஸ் உள்ள போயி நிலைக்க முடியும்."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "வேலை பெர்மிட்டு இல்லாம சிங்கப்பூர் பாலத்துல நிக்கிற மாதிரி."

"அதேதான்! எக்ஸு உங்க வீட்டுக்காரரு. ஹோமு பெர்மிட்டு."

"சரி, உள்ள போயி என்ன கெர்ஜா, என்ன வேலை அதுக்கு?"

"ரெண்டும் சேர்ந்து மரபணு மேல உக்காரும். சிலதத் திறக்கும், சிலத மூடும். தலையில இந்த எடத்துல உணர்கொம்பு வரணும்னு சொல்லும். ரெண்டும் சேர்ந்து போகலன்னா..."

"போகலன்னா?"

"கால் முளைச்சிரும். தலையில."

அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். நானும் தட்டச்சை நிறுத்தியிருந்தேன். சும்மா விட்டால் அது காலாகத்தான் வளருமாம். இரண்டு பேர் கைகோத்து உள்ளே போய், இல்லை, நீ கேட்கவும் முகரவும் பிறந்தவன் என்று சொன்னால்தான் உணர்கொம்பாகுமாம். ஈக்கு முகர்வதும் கேட்பதும் அந்தக் கொம்பால்தான். அன்று மாலை பஸ்ஸில் போகும்போது எதிரே இருந்தவர்களின் நெற்றிகளையே பார்த்துக்கொண்டு போனேன். யார் யார் கைகோத்துச் சொல்லி இவர்களெல்லாம் முகமானார்கள்?

லோஷினி செய்திருந்தது இதுதான். ஹோம் எக்ஸைப் பிடிக்கிற இடத்தில் ஒரே ஒரு எழுத்தை மாற்றியிருந்தாள். குளிரில் வளர்ந்தால் பிடி நிற்கும், ஈ சாதாரணமாகப் பிறக்கும். சூட்டுப் பெட்டியில் வளர்ந்தால் வேர்த்த கை நழுவுவதுபோல் அந்தப் பிடி நழுவும். அந்த ஒரு வம்சத்தைக் கலப்பு மேல் கலப்பு செய்து உண்டாக்க அவளுக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. உலகத்தில் வேறெங்கும் அது இல்லை. எங்கள் அலமாரியில் மட்டும் இருந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் பெயர் அர்ச்சுனன். சிங்கப்பூரில் கிடங்கு வேலை. விடியுமுன்னே மோட்டாரில் பாலம் ஏறி, இருட்டியபின் இறங்குவார். அதற்கு முந்தின வருடம் மழையில், பாலத்துக்கு முன்னால் வரிசையில் ஒரு லோரி சறுக்கி அவருடைய வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. இரும்புக்கம்பி வைத்தார்கள். வேலையும் பெர்மிட்டும் போயின. அவர் நடந்தால் பால்குடம் எடுப்பதாக அக்கா முருகனிடம் வேண்டிக்கொண்டார். மழைக்காலம் வந்தபோது அர்ச்சுனன் ஊன்றுகோலோடு வாசல்வரை நடந்தார். இப்போது அக்காவின் சம்பளம்தான் வீடு. அவருடைய ஒப்பந்தமோ மார்ச்சில் முடிகிறது. நீட்டுவதும் விடுவதும் டாக்டர் கையில்.

தைப்பூசத்துக்கு அக்கா விரதம் தொடங்கிய அதே வாரத்தில்தான் லோஷினியின் சூட்டுப் பெட்டியில் முதல் ஈக்கள் கூடு திறந்தன.

அவற்றை அக்கா தட்டில் தூங்க வைத்தார். நுண்ணோக்கியில் குனிந்தார். தூரிகை அப்படியே நின்றுவிட்டது.

"லோஷி. இங்க வா மா."

"கால் வந்திருக்கா அக்கா?"

"கும்பிடுறாங்க மா."

என்னையும் பார்க்கச் சொன்னார்கள். சிவந்த கண்கள். அவற்றுக்கு நடுவே, மெல்லிய இறகுபோல் கொம்பு இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு முழுக் கால்கள். முட்டி, கணு, நுனியில் நகம். தூக்கத்தில் அவை தலைக்கு மேல் மடிந்து ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. தட்டு முழுக்க அப்படி. கோயில் வாசலில் கண்ணை மூடி நிற்கும் ஒரு கூட்டம் உதிர்ந்து கிடப்பதுபோல் இருந்தது.

லோஷினி குதித்தாள். தேவையானதை எண்ணி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வழக்கம்போல் அக்காவிடம் நீட்டினாள். அக்கா தொட்டிவரை போனார். போத்தல் மூடியைத் திறந்தார். மூடினார்.

"ரூபன், கொஞ்சம் இங்க வாயேன்."

அன்றிலிருந்து அக்காவுக்காக ஊற்றியது ரூபேந்திரன். விரதத்தில் உயிர் கொல்லக்கூடாது என்று அக்கா சொன்னதும் அவனுக்கு வாய் ஓயவில்லை.

"அக்கா, கொசுவை அடிப்பீங்களா மாட்டீங்களா?"

"விசிறி விடுவேன்."

"அலமாக்! டெங்கி வந்தா?"

"உனக்கு வந்தா எனக்கு ஊத்த ஆள் இல்லாமப் போயிரும்ல? முருகன் பாத்துக்குவான் லா."

"பாவமெல்லாம் என் தலையில. அடுத்த பிறவியில ஈயாத்தான் பொறக்கப் போறேன்."

"பொற. நான் கஞ்சி காய்ச்சித் தர்றேன்."

தை பிறந்ததும் ரூபேந்திரன் தன் சொந்த அக்காவின் கல்யாணத்துக்காகப் பெக்கோக் போய்விட்டான், லீவில். மிச்ச ஈக்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. லோஷினி காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட அக்காவுக்குக் கூச்சம். டாக்டரிடம் சொன்னால், வேலை வேலைதான் என்பார். கணினிக்காரன் என்னிடம் போத்தலைக் கொடுத்தால் மயங்கி விழுவேன் என்பது ஊருக்கே தெரியும்.

அக்கா போத்தலில் கொட்டவிருந்த குப்பிகளின் பெயர்ச்சீட்டுகளை மட்டும் உரித்தார். கொட்டுவதற்கு முன் செய்யும் வேலை அது. பிறகு குப்பிகளை ஒரு தட்டில் அடுக்கிக் குளிரறைக்குக் கொண்டுபோய்ச் சோளமாவு மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தார். பூசம் முடியட்டும், நானே ஊத்திடுறேன் என்று மூட்டைகளிடம் சொன்னாராம். இதையெல்லாம் பின்னால் அவரேதான் சொன்னார், கஞ்சி கிண்டிக்கொண்டே.

பூசத்தன்று கூலாயில் வெயில் வெள்ளையாக அடித்தது. நான் தண்ணீர்ப் பந்தலில் நின்றிருந்தேன். மஞ்சள் சேலைகள் ஓர் ஆறுபோல் வந்தன. அதற்கு நடுவே செல்வராணி அக்கா. இரண்டு கைகளும் தலைக்கு மேல், குடத்தைப் பிடித்தபடி. முட்டி, கணு, விரல். பால் ஒரு சொட்டு நெற்றியில் வழிந்து புருவத்தில் நின்றது. பின்னால் அர்ச்சுனன், ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் அக்காவின் செருப்பு. அந்தத் தூக்கிய கைகளை எங்கே பார்த்தேன் என்று நான் யோசிக்கத் தேவையிருக்கவில்லை. அவர் ஏன் போத்தலை மூடினார் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

பூசம் முடிந்த திங்கட்கிழமை அக்கா குளிரறைக்குப் போனார். தட்டை வெளிச்சத்தில் பிடித்தார். கும்பிட்டவர்கள் எல்லாரும் கஞ்சியில் விழுந்து செத்திருந்தார்கள். ஆனால் கண்ணாடிச் சுவரில் கூடுகள் ஒட்டியிருந்தன. சில நாள் கழித்து அவை திறந்தன. குளிரில் வளர்ந்த பிள்ளைகள். நெற்றியில் இறகுபோன்ற கொம்பு, மற்ற ஈக்களைப் போலவே.

ரூபேந்திரன் திரும்பி வந்திருந்தான். போத்தல் இருந்த இடத்தில் இருந்தது. விரதமும் முடிந்துவிட்டது. நாளைக்கு என்று அக்கா நினைத்தார். கஞ்சி பழசாகிவிட்டதே என்று புதுக் குப்பிக்கு மாற்றி வைத்தார். ஒரு தடவை மாற்றியபின் அடுத்த தடவை மாற்றாமல் எப்படி இருப்பது? அவருடைய கை பல காலமாக அதைத்தானே செய்கிறது.

உண்ணி எப்படி வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சோளமாவில் வந்திருக்கலாம். வேறு மையத்திலிருந்து வாங்கிய ஈக்களோடு வந்திருக்கலாம். ஒரு காலையில் லோஷினி குப்பி ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். கூடுகளின் மேல் வெள்ளைத் தூசி. தூசி நடந்தது.

அவளுடைய ஈக்கள் பொதுவாகவே நோஞ்சான்கள். மற்ற வம்சங்கள் தாக்குப்பிடித்தன. அவளுடையவை ஒவ்வொரு குப்பியாக அடங்கின. பத்திரத்துக்கென்று வேறு பெட்டியில் வைத்திருந்த இரண்டாம் பிரதிக்கும் உண்ணி போய்விட்டது. மாசி பாதியானபோது ஒன்றும் மிஞ்சவில்லை. லோஷினி அழவில்லை. காலிக் குப்பிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் பெயர்ச்சீட்டையும் நகத்தால் மெதுவாக உரித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் பென்சில் கோடு இல்லை.

டாக்டர் வந்து வாசலில் நின்றார். குரல் உயரவில்லை.

"நாளைக்குக் காலையில எல்லாம் காலி பண்ணணும். குளிரறை, அலமாரி, மூட்டை, எல்லாம். வம்சப் பட்டியல்ல இல்லாத குப்பி ஒண்ணு கூட இருக்கக் கூடாது. கொதிநீர் ஊத்திக் கழுவுங்க. செல்வராணி, நீங்க பாத்துக்குங்க."

"சரி டாக்டர்."

அன்று சாயங்காலம் அடுக்குமாடி வீட்டில் அர்ச்சுனன் துணி மடித்துக்கொண்டிருந்தார். கால் நீட்டி உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை அது. அக்கா எல்லாவற்றையும் சொன்னார்.

"எத்தன பேருக்குத் தெரியும்?" என்று கேட்டார் அர்ச்சுனன்.

"யாருக்கும் தெரியாது."

"அப்ப வாய மூடிக்கிட்டு இரு. நாளைக்குக் கொதிதண்ணி ஊத்தப் போறதே நீதான். ஊத்து. முடிஞ்சுது."

"அந்தப் புள்ளையோட ஈ அது மட்டும்தாங்க மிச்சம்."

"அதுதானான்னு உனக்கே நிச்சயமாத் தெரியாது. சீட்டெல்லாம் உரிச்சிட்டேன்ற. பாக்கச் சும்மா ஈ மாதிரி இருக்குன்ற. இதத் தூக்கிட்டுப் போயிக் காட்டினா என்ன கேப்பாங்க? உண்ணி உன்னாலதான் வந்துச்சுன்னுவாங்க. மார்ச்சு மாசம் காண்ட்ராக்ட்டு, ராணி. என் காலப் பாத்தியா?"

"உங்க காலத்தான் ஒரு வருஷமாப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அர்ச்சுனன் ஒரு சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அந்தப் பொண்ணு அழுதுச்சா?"

"அழல. அழுதிருந்தா நான் வாய மூடிக்கிட்டு இருந்திருப்பேன்."

காலையில் நான் போனபோது அக்கா அந்தக் குப்பித் தட்டை மேசை நடுவில் வைத்துவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கை இரண்டும் முந்தானைக்குள். லோஷினி வந்தாள். ரூபேந்திரன் வந்தான். டாக்டரும் வந்தார்.

"இது என்ன?" என்றார் டாக்டர்.

"லோஷியோட ஈயா இருக்கலாம் டாக்டர். விரதத்துல கொட்ட மனசு வரல. மூட்டைக்குப் பின்னால வச்சிருந்தேன். அப்புறம் மாத்தி மாத்தி வளத்துட்டேன்."

முதலில் பேசியது லோஷினி. அவள் குரல் அப்படி வந்து நான் கேட்டதில்லை.

"அப்ப உண்ணி இங்கேருந்துதான் வந்துச்சாக்கா?"

"தெரியல மா. வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாமா? நான் தினமும் உங்ககிட்டதானக்கா கேட்டேன், எங்கேருந்து வந்திருக்கும்னு. நீங்க கஞ்சி கிண்டிக்கிட்டு நின்னீங்க."

"நின்னேன் மா."

லோஷினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டர் ஒரு குப்பியை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். பார்த்தார். அடுத்தது. அடுத்தது.

"ரெண்டுல உண்ணி இருக்கு. மத்ததுல இல்ல. எல்லாம் சாதாரணக் கொம்பு. இது யாருடைய ஈயாவும் இருக்கலாம்." நிமிர்ந்தார். "முட்டைய எடுத்துக் குளோரின் தண்ணியில கழுவுங்க, உண்ணி ஒட்டியிருந்தாப் போயிரும். சூட்டுப் பெட்டியில வளத்துப் பாப்போம். செல்வராணி, கால் வந்தாலும் வரலன்னாலும் நீங்க செஞ்சது தப்புதான். அதப் பத்தி அப்புறம் பேசலாம்."

"சரி டாக்டர்."

அதன் பிறகு வந்த நாட்கள் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் போயின. அக்கா நுண்ணோக்கிப் பக்கம் வரவில்லை. கழுவும் அறையில் குப்பிகளைக் கழுவினார். கண்ணாடி கண்ணாடியோடு உரசும் ஒலி, தூரத்தில் யாரோ வளையலோடு நடப்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தது. லோஷினி அவரோடு பேசவில்லை. ஆனால் கஞ்சி காய்ச்சும் நாளில் அண்டாவைத் தூக்க மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்தாள். இருவரும் சேர்ந்து தூக்கினார்கள்.

சூட்டுப் பெட்டியின் கண்ணாடிக்குள் புழுக்கள் சுவரேறின. கூடு கட்டின. கூடுகள் பழுத்து, உள்ளே கண்கள் சிவந்தன. அந்த மெல்லிய தோலுக்குள், கோடானுகோடி அறைகளின் வாசலில் எக்ஸ் நின்றுகொண்டிருக்கும், ஹோமின் கைக்காக. கை வரும். பிடிக்கும். சூட்டில் வேர்த்து நழுவும். நழுவ வேண்டுமே என்று ஓர் அறை முழுக்க வேண்டிக்கொண்டிருந்தது. பாலத்தில் யாரும் இப்படி வேண்டியிருக்க மாட்டார்கள்.

முதல் குப்பி திறந்தது. எல்லாம் கொம்பு. இரண்டாவது, கொம்பு. அக்கா மிச்சமாக எடுத்து வைத்ததில் மற்றவர்களுடைய ஈக்களும் இருந்தன. மூன்றாவதும் அப்படித்தான். ரூபேந்திரன் ஜோக் சொல்வதை நிறுத்தியிருந்தான்.

நான்காவதை லோஷினி தட்டில் தட்டினாள். குனிந்தாள். நீண்ட நேரம் நிமிரவில்லை. பிறகு நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே, கழுவும் அறைக்குக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"அக்கா. வாங்க."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்து வாசலில் நின்றார்.

"உள்ள வாங்கக்கா." லோஷினி எழுந்து நாற்காலியை விட்டாள். "கும்பிடுறாங்க."

அக்கா உட்கார்ந்தார். பார்த்தார். தூரிகையை எடுத்து, தொடாமல், அவற்றின் மேலே காற்றில் ஒருமுறை கொண்டுபோனார். கண் தெரியவில்லை போலிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார்.

டாக்டர் அன்று மாலையே பேசினார், எங்கள் எல்லோர் முன்னாலும். ஒப்பந்தம் நீளும், ஆனால் ஆறு மாதத்துக்கு மட்டும். வம்சங்களைப் புதுக் குப்பிக்கு மாற்றும் வேலை இனி ரூபேந்திரனுக்கு. நுண்ணோக்கியில் அக்காவுக்குப் பாதி நாள்தான்.

"இன்னொண்ணு. மையத்துல மிச்சமாகிற ஈ எல்லாத்தையும் இனிமே நீங்கதான் கொட்டணும். எல்லாருடையதையும், தினமும். வேற யாரும் தொட மாட்டாங்க. முடியுமா?"

அக்கா தொட்டிப் பக்கம் பார்த்தார். ரூபேந்திரன் வரைந்த மண்டையோடு சிரித்துக்கொண்டிருந்தது.

"முடியும் டாக்டர்." கொஞ்சம் தயங்கினார். "பூசத்துக்கு மட்டும்..."

டாக்டர் பதில் சொல்வதற்குள் லோஷினி சொன்னாள். "விரதத்துல நான் ஊத்துறேன். என்னக் கூப்பிடணும். காதுல பஞ்சு இருந்தாலும் தட்டிக் கூப்பிடணும்."

"தட்டுறேன் மா."

டாக்டர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனார். மறுப்பு இல்லை என்று எடுத்துக்கொண்டோம்.

லோஷினி வம்சத்துக்கு வேண்டிய குப்பிகளைக் குளிரறைக்கு அனுப்பினாள். இந்த முறை மூன்று இடங்களில். சூட்டில் பிறந்தவற்றில் ஆய்வுக்கு எடுத்தது போக மிச்சம் ஒரு குப்பி. அதை அவளே கழுவும் அறைக்குக் கொண்டுவந்து அக்காவின் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் பக்கத்தில் நின்றாள்.

வெளியே செம்பனைகளின் மேல் மழை வரும்போலிருந்தது. அக்கா பெயர்ச்சீட்டை உரித்தார். ஈக்களைத் தூங்க வைத்தார். அவசரமில்லாமல், எல்லாம் உறங்கிவிட்டனவா என்று தூரிகையால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். போத்தலைத் திறந்தார்.

தலைமேல் கை கூப்பியபடியே அவை உள்ளே இறங்கின. மேலே கொஞ்ச நேரம் மிதந்தன.

"போயிட்டு வாங்க" என்றார் செல்வராணி அக்கா, வாசல்வரை வந்து வழியனுப்புகிற குரலில். பிறகு மூடியைத் திருகினார்.